ராதியா விற்காத காற்று

முன்சிஃப்,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. அக்கா வீட்டுக்குப் போகிறேன். அடுப்பில் முலூகியாக் குழம்பு இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும், தீயைக் கூட்டாதீர்கள். நாலு மணிக்குப் பத்திரம் எழுதுபவர் வருவார். அதற்குள் இதைப் படியுங்கள்.

உங்கள் அத்தை மகள் ராதியா தன் வீட்டை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்துத் தருகிறாள். நேற்று நான் தேநீர் கொண்டுவரும்போது காதில் விழுந்தது. "வேற யாருக்காவது இந்த விலைக்குக் குடுப்பேனா மச்சான்?" என்றாள். "தள்ளுபடி வீட்டுக்கா, எனக்கா?" என்று சிரித்தீர்கள். எனக்கு முன்னால் உங்களுக்குப் பேசிவைத்த பெண் அவள். நான் சிரிக்கவில்லை.

பத்திர நகலைப் படித்தேன். வீடு நமக்கு, மொட்டைமாடிக்கு மேலுள்ள காற்று அவளுக்கே. நம் பிஸர்த்தா ஊரில் காற்றை விற்காமல் வைத்துக்கொள்பவர்கள் எதற்கு வைத்துக்கொள்கிறார்கள்? நாளை மேலே ஒரு வீடு கட்டிக் குடிவருவதற்குத்தான்.

காற்றையும் சேர்த்துத் தந்தால் முழு விலைக்கே வாங்குங்கள். என் வளையல்களை விற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

ஸலூவா

இன்னொன்று. மேலே அவள் நடக்கும்போதெல்லாம் நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்க, வீட்டைச் சும்மா கொடுத்தாலும் என்னால் முடியாது.