உன் காட்டுச் சருகைக் கூட்டிவிட்டேன், மச்சான்

மூன்று ஏக்கர் காட்டுக்குச் சக்கரவர்த்தியாக இருந்து, கிரீடத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பிப்போன என் அன்பு மச்சானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். பயமெல்லாம் தீர்ந்துபோன இடத்தில் நீ இருக்கிறாய். இங்கே பச்சைமலை மேல் ஐப்பசி மேகம் யானைக் கூட்டமாய் நிற்கிறது. மழை என்றால் வேட்டியை மடித்துக்கட்டி ஆடுகிறவன் நான். இன்று இடி இடித்தால், வேண்டாம் வேண்டாம் என்று மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.

செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் உன் வருஷத் திதி வந்தது. சொந்தபந்தம் கூடுமே, உன் காடு இப்படிக் குப்பையாய்க் கிடக்கிறதே என்று எனக்குக் கவலை. நான் ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக் காட்டிலேயே தலை நரைத்தவன் அல்லவா? விழுகிற கொட்டை கண்ணில் படவேண்டும் என்று மரத்தடியைக் கூட்டி வைப்பது எங்கள் வழக்கம். கூட்டாத தோப்புக்காரனைச் சோம்பேறி என்பார்கள். அந்தப் புத்தியோடு அரும்பாவூர் வந்து, விளக்குமாறும் கையுமாக உன் காட்டுக்குள் இறங்கினேன்.

மூன்று நாள்! ஏழு கடற்கரையையும் ஒற்றை ஆளாய்க் கூட்டியது போலக் கூட்டினேன். உசிலை, வெப்பாலை, வேம்பு, புரசு என்று எல்லாச் சருகும் மூலையில் இமயமலையாய்க் குவிந்தது. அதற்குத் தீயும் வைத்தேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, பூரித்துப்போனாள்.

“எண்ணே, வூட்டு வாசலாட்டம் இருக்குண்ணே! பாய் விரிச்சுப் படுக்கலாம்.”

மறுநாள் உன் மகள் கயல் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். காட்டைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்பா போட்ட இலுப்பை எங்க?”

போவதற்கு முந்தின மாதம் நீ ஊன்றிய விதைகள், மச்சான். மூன்று முளைத்துச் சாண் உயரம் வளர்ந்திருந்தன. அவற்றில் விளக்குமாறு படாமல் காப்பாற்றியதாக எனக்குப் பெருமை வேறு.

“மூணும் பத்திரமா இருக்கு பாரு. ராஜாவாட்டம் நிக்குது!”

“போர்வை இல்லாம நிக்குது, மாமா.”

அவள் என்னைக் கடைசியாக மாமா என்று கூப்பிட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் அரைமணி நேரம்தான் மழை. முன்பெல்லாம் உன் காட்டில் மழை விழுந்தால் சருகுக்குள் இறங்கிக் காணாமல் போகும். இந்தத் தடவை மொட்டைத் தரையில் அறைந்து, மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. கண்ணாடி போலிருந்த உன் குட்டை டீத்தண்ணி ஆயிற்று. ஒரு கன்று வேரோடு போயிற்று. பிறகு அடித்த வெயிலில் இன்னொன்று கருகியது. மிச்சம் ஒன்று.

இப்போது காட்டுக்குள் தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். சருகைக் கிளறிக் கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் வருவதில்லை. சருகு இருந்தால்தானே அதற்குள் பூச்சி இருக்கும்? போன வாரம் என் காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பாம்பு போயிற்று. சத்தமே இல்லை. அது வருகிறது என்று எனக்குச் சொல்லச் சருகு எங்கே இருக்கிறது?

பரிகாரமாக என் தோப்பிலிருந்து நாலு மூட்டை முந்திரிச் சருகு கொண்டுவந்தேன். கயல் ஒன்றைக் கையில் ஒடித்துப் பார்த்தாள்.

“செருப்புத் தோலாட்டம் இருக்கு. இது மட்டும் போட்டா எப்ப மக்கறது? உங்க தோப்புல ஒரே மரம், ஒரே இலை. கூட்டித் தள்ளிட்டு உரம் வாங்கிப் போடுவீங்க. இங்க யாரு போடுவா? மரம் போடறத மண்ணு தின்னுது, மண்ணு குடுக்கறத மரம் தின்னுது. நடுவுல நீங்க பூந்துட்டீங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மச்சான். மெதுவாகச் சொன்னாள்.

அதனால் இப்போது வேப்பந்தட்டை சாலையோரத்தில் புளி, புங்கன், வேம்பு என்று கலந்து பொறுக்குகிறேன். மூட்டையோடு பஸ் ஏறினால் கண்டக்டர் விடவில்லை.

“என்ன பெரியவரே, மூட்டைல?”

“நவரத்தினம்!”

பிரித்துப் பார்த்தார். “குப்பைங்க இது!”

“நானும் அப்படித்தான் நெனச்சேன், தம்பி,” என்றேன். மூட்டையை மறுபடி கட்டினேன்.

இதோ, முதல் தூறல் காகிதத்தில் விழுகிறது. கொண்டுவந்த சருகு காட்டில் கால்வாசிக்குக்கூடக் காணாது. கடைசிக் கன்றைச் சுற்றி கயல் பரப்பிக்கொண்டிருக்கிறாள். அடைமழைக்கு அது தாங்குமா? நீ இருந்தால் என்ன செய்வாய்?

“இன்னொரு மூட்டை இருக்கா?” என்று அங்கிருந்து கத்துகிறாள். போகிறேன்.

மாசியில் உன் மரங்கள் தாமாக உதிர்த்துத் தரையை மூடும்வரை அந்தக் கன்றை விட்டு நகரமாட்டேன். விழுந்த இலையில் ஒன்றையும் இனித் தொடமாட்டேன். அதுவரை என்னை அங்கே கூப்பிட்டுவிடாதே, மச்சான். இலுப்பை எங்கே என்று நீயும் கேட்டால், ஒன்றாவது நிற்கிறது என்று நான் சொல்லவேண்டும்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உன் மகளுக்கு மறுபடியும் மாமா ஆகவேண்டியவன்.