வாசிகசாலைக் கம்ப்யூட்டர்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் வெயில். துணி காய்ந்தது. பந்தலூர்ப் பக்கத்தில் இதுவே பெரிய சேதி.

மதியம் துரை வந்தார். தேயிலை எஸ்டேட் மேனேஜருக்கு இன்னும் அந்தப் பெயர்தான், வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமானாலும். வாசிகசாலை வாசலில் நின்றே கேட்டார்: "கம்ப்யூட்டர் ஓடுதா?" உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்:

"மாசக் கடைசிக்குள்ள ஓடணும். இல்லேன்னா இந்த ரூம் உர ஸ்டோர். சும்மா உக்காந்து கெடக்க இதென்ன சத்திரமா?"

சும்மாவா? தொழிலாளர் லைன் வீட்டில் ஒரே அறை, அதில் நாங்கள் ஆறு பேர். நான் பி.காம். முடித்தது வாசிகசாலை மேஜையில். குரூப் ஃபோருக்குப் படிப்பதும் அங்கேதான். உரமூட்டை நனையக் கூடாது, நாங்க நனையலாமா?

அந்தக் கம்ப்யூட்டர், எஸ்டேட் கம்பெனியின் கோவை ஆபீஸ் கழித்துக்கட்டியது. ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். டிராக்டர் ஓட்டும் அழகையா மாமாதான் வாசிகசாலைச் செயலாளர். பசங்க கண்டதையும் பார்ப்பார்கள் என்று அவர் ஒரு பாஸ்வேர்ட் வைத்தார். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு அவருக்கே மறந்துவிட்டது.

அக்டோபர் 6

மாமாவை உட்கார வைத்து, தோன்றியதையெல்லாம் அடிக்கச் சொன்னோம். அவர் மனைவி தெய்வம்மா அத்தை பின்னாலேயே நின்றார்.

"எம் பேரப் போட்டுப் பாத்தீங்களா?"

"மொதல்லயே போட்டேன். அது இல்ல."

"அப்ப எவ பேரு?"

அதோடு மாமா கீபோர்டைத் தொடவில்லை.

அக்டோபர் 8

கூடலூர். சுஜித்தின் கம்ப்யூட்டர் கடை. கல்லூரியில் என்னோடு படித்தவன், பொள்ளாச்சிக்காரக் குடும்பம். என்னைக் கேலி செய்வதென்றால் மரியாதை கூடிவிடும்.

"ஏனுங்க வாசுகி, பாஸ்வேர்டத் தேடி என்ன பண்ணப் போறீங்க? அந்த மிஷினு தொறந்தாலும் நொண்டுமுங்க. மொத்தமா அழிச்சுப்போட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருங்க. காசில்ல. தமிழ்லயே வரும்."

சாவி தொலைந்ததற்கு வீட்டையே இடித்துக் கட்டச் சொல்கிறான். ஆனால் யோசித்தால் சரிதான். கடைக்குக் கொண்டு வந்தால் தானே போட்டுத் தருவதாகவும் சொன்னான். கம்பெனிச் சாமான் எஸ்டேட்டைத் தாண்ட கேட் பாஸ் வேண்டும். அதற்குத் துரை முன்னால் போய் நிற்பதா? மாட்டேன். நாங்களே போடுவோம்.

அவன் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்தபோது நானே லினக்ஸ் ஃபைலை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எப்படிப் போடுவதென்று அவனைக் கேட்கவில்லை. இதைக்கூடவா கேட்பார்கள்?

அக்டோபர் 12, ஞாயிறு

பென்டிரைவ் நுழையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் துவாரத்துக்குள் மஞ்சளாக ஏதோ. முன்னால் இரண்டிலும். பின்னால் இருப்பதிலும்.

சந்தனம்! ஆயுத பூஜையன்று தெய்வம்மா அத்தை ஒன்று விடாமல் அடைத்திருக்கிறார். மேலே குங்குமம் வேறு.

"ஏன் அத்தை?"

"டிராக்டருக்கு வச்சேன், ஓடல? இதுக்கும் ஓடட்டும்னுதான் வச்சேன். ஓட்டையா இருந்துச்சு, நல்லா நின்னுச்சு."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம், தப்பு செய்ததில் துணை கிடைத்துவிட்டதே! ஊக்கால் கிளறினால் உள்ளே தகடு வளைந்துவிடும் என்று பயம். கீபோர்டும் மவுஸும் செருகியிருந்த இரண்டு இடங்கள் மட்டும் சந்தனத்துக்குத் தப்பியவை. மவுஸைக் கழற்றிவிட்டு அங்கே பென்டிரைவைச் செருகினேன். நுழைந்தது.

கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி அதே பாஸ்வேர்ட் கட்டம்.

அக்டோபர் 13

சுஜித்துக்குப் போன் செய்தேன். ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதாதாம், அதற்கென்று உள்ள மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டுமாம்.

"இலையில அரிசியக் கொட்டிப்போட்டுச் சாப்பிட வாங்கன்னா எப்படிங்க?"

போடா. ஆனால் போனேன். எழுதிக் கொடுத்தான். கேட்காதது என் திமிர்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஆனால் எங்களுக்கு இன்றே வந்துவிட்டது. முழுதாக எழுத வேண்டும்.

பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் எழுந்தது. பழையதை அழிக்கப் போகும்போது மாமா குறுக்கே வந்தார். "உள்ள என்னோட முக்கியமான ஃபைல் இருக்கும்மா."

அழிக்காமலே பழைய டிஸ்க்கைத் திறந்து பார்க்க முடிந்தது. மொத்தம் ஒரே ஃபைல். 'அழகையா, செயலாளர்' - சின்ன எழுத்தில், பெரிய எழுத்தில், சிவப்பில், பச்சையில், பக்கம் பக்கமாக அதே இரண்டு சொற்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, என் போனில் அதைப் பத்திரப்படுத்தினேன். முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறார், எந்தப் பலகையில் அவர் பேர் இருக்கிறது?

அடுத்த பயம் கரண்ட். எங்கள் லைனில் நாலு மிக்ஸி சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். இன்றைக்கோ எல்லா வீட்டிலும் முறுக்கு மாவு. பாதியில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே போனார். "மிக்ஸிய நிறுத்துங்கடி! கம்ப்யூட்டருக்குப் பிரசவம் நடக்குது!"

நிறுத்தினார்கள். டிவியையும் நிறுத்தினார்கள். லைனே அடங்கிவிட்டது. மாவு படிந்த கைகளோடு வாசிகசாலை ஜன்னலில் இத்தனை முகங்கள். மவுஸ் இல்லாமல் டேப், என்டர், டேப், என்டர் என்று நகர்ந்தேன். கடைசி என்டரை மாமாவை அடிக்கச் சொன்னேன். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடித்தார். அப்புறம் ஒரு நீலக் கோடு மெதுவாக ஊர்ந்தது. அது முடியும்வரை நான் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன்.

'நல்வரவு' என்று தமிழில் வந்தது.

என்ன சத்தம்! யாரோ பட்டாசு வைத்துவிட்டார்கள். உடனே எல்லா மிக்ஸியும் ஓடி, ஃபியூஸ் போயே போய்விட்டது. யாருக்கும் கோபம் வரவில்லை.

அக்டோபர் 30

துரையும், கம்பெனியின் கோவை ஆபீஸிலிருந்து ஒரு ஆபீசரும் வந்தார்கள். கம்ப்யூட்டர் ஓடியது. துரைக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சர்வீஸுக்கு யார் வந்தது?" என்று ஆபீசர் கேட்டார்.

"யாரும் வரல. நாங்கதான் பண்ணினோம்" என்றேன்.

நம்பவில்லை. அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினேன். கேமராவை எடுத்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது - மறுபடியும் போட்டோவா? அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "போட்டோ எத்தன வேணா எடுத்துக்கங்க சார். ரூம எடுத்துக்காதீங்க."

ஆபீசர் துரையைத் திரும்பிப் பார்த்தார். "ரூமை எடுக்கறீங்களா? எதுக்கு?"

"அப்படியெல்லாம் இல்லையே" என்றார் துரை, எங்கள் பக்கம் பார்க்காமல்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. உர லாரி வந்தது. மூட்டைகளைத் துரை பங்களா கார் ஷெட்டில் இறக்கினார்கள். ஜீப் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறது.

படிக்கலாமென்று வாசிகசாலைக்குப் போனேன். நாற்காலி காலி இல்லை, பெஞ்சும் காலி இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் ஈரத் தலையோடு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தெய்வம்மா அத்தை, ஒற்றை விரலால் எதையோ தேடிக்கொண்டு.

"எங்களுக்கு முடிய நேரமாகும் வாசுகி," என்றார், தலையைத் தூக்காமல். "நீ அப்படி வாசப்படில உக்காந்து படி."

உட்கார்ந்து படித்தேன். சாரல் அடித்தது. பரவாயில்லை.