கடன் கொடுத்த வாய்

ஷாமினி,

அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கம் உனக்குத் தெளிவதற்குள் எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

வயிற்றிலிருந்த குழந்தையின் கழுத்தில் வளர்ந்த இரத்தநாளக் கட்டி சுருங்கட்டும் என்று நீ விழுங்கிய மாத்திரைகள், உன் வாயைப் புண்ணாக்கின. வளைகாப்பில் சுங்கை சிப்புட் சொந்தங்கள் ஊட்டிய புளிச்சோற்றை எரிய எரியச் சிரித்துக்கொண்டே தின்றாய்.

“புள்ளதாச்சி இவ்ளோ மருந்து திங்கக்கூடாதுலா,” என்றார் அம்மா.

“மருந்து உங்க பேத்திக்கு, அத்தே. வாய மட்டும் நான் கடன் குடுத்திருக்கேன்.”

இன்று குழந்தையின் மூச்சுக்குழாயைக் கட்டி அடைத்திருக்குமோ என்று டாக்டர்கள் கருவியோடு காத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. அவளே மூச்சிழுத்துக் கத்தினாள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

“பிள்ளைக்கு அப்பா குரலா?” என்றார் தாதி.

“இல்லை, அவள் அம்மா குரல்,” என்றேன்.

பக்கத்திலேயே இருக்கிறேன்,
உன் கணவன்