வலது கால் செருப்பு

விருத்தாசலம்
6.10.2024

ஃப்ளோரா அப்பாவுக்கு,

போனில் கேட்டால் சமாளித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். புதுச்சேரிக் கடற்கரையில் வைக்கிற பீங்கான் காட்சிக்கு அச்சு எடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் பிள்ளையின் வலது கால் செருப்பை வாங்கிப் போனீர்கள். பத்து நாளில் தருவதாகச் சொன்னது, நான்கு மாதமாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் மணிமுத்தாற்றங்கரையில் அவள் கழற்றிவிட்டுப் போன ஜோடி அது. எனக்கு மீதமிருப்பது அவ்வளவுதான். கல்லறைத் திருநாளுக்கு வரும்போது கட்டாயம் கொண்டுவாருங்கள்.

செராமிக் எஸ்டேட்டில் உங்களோடு வேலை பார்த்த பாண்டியன் விசாரித்தார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஃப்ளோரா அம்மா


புதுச்சேரி
11.10.2024

அன்பு ரெஜினா,

செருப்பு பத்திரமாக இருக்கிறது. அச்சு எடுத்தபின் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வார்த்ததைக் கடற்கரையில் வைத்துவிட்டோம். தண்ணீரில் போன பிள்ளைகளின் செருப்புகள், முந்நூறுக்கு மேல், எல்லாம் வெள்ளைப் பீங்கான், கடலைப் பார்த்தபடி. இருபதாம் தேதியோடு எடுத்துவிடுவார்கள். நீ வராதே, தாங்கமாட்டாய். திருநாளுக்கு நானே வருகிறேன்.

உன் ஆல்பர்ட்


விருத்தாசலம்
17.10.2024

ஃப்ளோரா அப்பாவுக்கு,

நேற்று வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. இடது கால் செருப்பைப் பையில் வைத்திருந்தேன். ஐந்தாவது வரிசையில் அவளுடையது இருந்தது. வாரில் அவள் பல்லால் கடித்த தடம்கூட இருந்தது. இடதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். காவலுக்கு நின்ற கயல்விழி என்ற பெண் ஓடிவந்தாள்.

"அக்கா, தொடாதீங்க, எங்க சாரு என்னைத் திட்டுவாரு" என்றவள், குனிந்து பார்த்தாள். "அட, ஒரு நூலுகூட வித்தியாசம் இல்ல பாருங்களேன்! ஜோடி சேந்துடுச்சுக்கா!"

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் இடதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். செருப்பிலிருந்து நேராக அச்சு எடுத்து வார்த்திருந்தால், சூளையில் சுருங்கி ஒரு விரற்கடை குறைந்திருக்க வேண்டும். நம் ஊரில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவளுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது என்று எப்படி நினைத்தீர்கள்?

செருப்பு எங்கே?

ஃப்ளோரா அம்மா


புதுச்சேரி
21.10.2024

ரெஜினா,

செருப்பு இல்லை. வாங்கி வந்த அன்றே தொலைத்துவிட்டேன். குடித்திருந்தேன். பஸ்ஸில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது பையைக் காணோம்.

பிறகு மண்ணில் கையாலேயே செய்தேன், சுருங்குவதற்கு விட்டு, பெரிதாக. அளவு மறக்கவில்லை. ஸ்கூலுக்குப் போகும்போது நான்தானே மாட்டிவிடுவேன். என் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை. பல் தடம் எந்தப் பக்கம் என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன்.

காட்சி முடிந்துவிட்டது. அதைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடு.

ஆல்பர்ட்


விருத்தாசலம்
26.10.2024

திரு. ஆல்பர்ட் அவர்களுக்கு,

பார்சல் உடையாமல் வந்தது. இடதுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பல் தடம் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது.

'கண் அசந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பிள்ளை தண்ணீரில் போன அன்று ஆற்றங்கரைக்கு நான் ஓடிவந்தபோது நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "நான் கண் அசரல ரெஜினா, சத்தியமா அசரல." நான் எதுவும் கேட்கவே இல்லை. மூன்று வருடமாக அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இனியும் கேட்கப்போவதில்லை. பதில் எழுத வேண்டாம். கல்லறைத் திருநாளன்று காலையிலேயே நான் போய்விட்டு வந்துவிடுவேன். நீங்கள் சாயங்காலம் போங்கள். உங்கள் மெழுகுவத்தியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெஜினா