இரண்டு தாள்களில் ஒரு குழந்தை

மார்ச் 7

வாண்டுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது என்பதால், வழக்கம்போல இதையும் வாண்டுவின் பையிலேயே வைத்து அனுப்புகிறேன்.

டாக்டரம்மா நமக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த கேள்வித்தாளைப் பற்றித்தான். இரண்டரை வயதுக் குழந்தைக்கு என்னென்ன புரிகிறது, என்னென்ன செய்ய வருகிறது என்று பெற்றவர்களிடமே கேட்டு எடைபோடுகிறார்கள். நான் பாதிக்கு மேல் ‘இன்னும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். நீங்கள் ஒன்று விடாமல் ‘ஆம்’! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே பிள்ளையப் பத்தித்தான் எழுதினீங்களா?” என்று கேட்டார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மறுக்கவில்லை. ஆனால் வாரம் ஒரு நாள் வைத்திருப்பவருக்குப் பொன்னாகத் தெரிவது எளிது. தயவுசெய்து உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா

மார்ச் 8

வாண்டுவின் அம்மாவுக்கு,

உள்ளதைத்தான் எழுதினேன். “செருப்ப எடுத்துட்டு வந்து கதவுகிட்ட வை” என்றால் வைக்கிறாள். சின்ன டப்பாவைப் பெரிய டப்பாவுக்குள் போட்டு மூடுகிறாள். கரண்டியைப் போன்போலக் காதில் வைத்துக்கொண்டு, அச்சு அசல் உன்னைப்போலவே தலையை ஆட்டுகிறாள்.

இதெல்லாம் உன் வீட்டில் நடக்கவில்லை என்றால், பார்க்க உனக்கு நேரமில்லை என்று அர்த்தம். ஊராருக்கு நீ செய்து தர வேண்டிய பல்செட்டெல்லாம் வரிசையில் நிற்குமே.

இப்படிக்கு,
அவள் அப்பா

மார்ச் 14

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். எத்தனை பல்செட் செய்தாலும் அதற்கு மட்டும் என் சொந்தப் பல்தான் வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. “யாரும் திருத்தி எழுத வேணாம். ஆமா, இல்லங்கறத விட்டுட்டு நடந்தத எழுதுங்க. நீங்க எங்க நின்னீங்க, என்ன செஞ்சீங்க, பாப்பா என்ன செஞ்சா, அது போதும்” என்றார்.

என்னுடையது இது. வேலை மேசையில் ஒரு பல்செட்டை மெஷினில் ராவிக்கொண்டிருந்தேன். தூசிக்காக முகக்கவசம். மெஷினை நிறுத்திவிட்டு, திரும்பாமலேயே, “பந்த எடுத்துக் கூடையில போடுடா கண்ணு” என்றேன். மறுபடியும் சொன்னேன். அவள் பாட்டுக்குக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அக்கா வந்திருந்தார். “கொஞ்சம் மந்தமோ?” என்று கேட்டேவிட்டார். அவர் கிளம்பும்வரை சிரித்து வைத்தேன். கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் தாள்தான் சரி என்று ஆகிவிட்டால், தோற்றுப்போனதற்காகச் சந்தோஷப்படுவேன்.

வாண்டுவின் அம்மா

மார்ச் 15

வாண்டுவின் அம்மாவுக்கு,

என் போன கடிதத்தின் கடைசி வரிகளை அடித்துவிடு. எழுதியிருக்கக் கூடாது.

டாக்டரம்மா சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். செருப்பை எடுத்து வரச் சொன்னேன், எடுத்து வந்தாள் என்று எழுதினேன். ‘நீங்கள் என்ன செய்தீர்கள்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் கை செருப்பைக் காட்டியிருக்கிறது. அப்புறம் கதவை. கிரேன்காரருக்குக் கீழே நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று நாள் முழுக்கக் கையால் பேசிப் பிழைக்கிறவன் நான். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருப்பதில்லை.

இன்று காலை இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்று, “வாண்டு, பிஸ்கட் வேணுமா?” என்றேன். அசையவில்லை. கத்திக் கேட்டேன். மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். முன்னால் போய் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், தின்பதுபோல் விரலைக் குவித்துக் காட்டினேன். ஓடி வந்து என் சட்டைப்பையைத் துழாவினாள்.

நீ முகக்கவசத்தால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறாய். நான் கையால் பேசுகிறேன். நீயும் பொய் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நம் பிள்ளை மந்தமில்லை. டாக்டரம்மாவிடம் அவள் காதைப் பார்க்கச் சொல். என்றைக்கு என்று சொன்னால் லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன்.

அவள் அப்பா

ஏப்ரல் 25

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

காது ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்ததுமே நீங்கள் வேலைக்கு ஓட வேண்டியதாயிற்று. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் கோத்திருந்த நீரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இத்தனை நாளும் தண்ணீருக்குள் மூழ்கிக் கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்குமாம். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். மிரண்டுபோய் என் காலைக் கட்டிக்கொண்டாள். அரை மணி கழித்து அவளே போய்த் திறந்து மூடி, திறந்து மூடி, குளியலறை முழுக்க வெள்ளம். திட்ட மனம் வரவில்லை. நேற்று நான் பல் ராவத் தொடங்கியதும் அடுத்த அறையிலிருந்து வந்து, இடுப்பில் கைவைத்து, “அம்மா, சத்தம்!” என்று அதட்டினாள். இரண்டு சொல் சேர்த்து!

டாக்டரம்மா உங்களை விசாரித்தார். “ரெண்டு தாளும் ஒத்துப்போகாததுதான் நல்லதாப் போச்சு” என்றார். பேச்சில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள், பயிற்சி வேண்டும், ஆனால் எட்டிப் பிடித்துவிடுவாள் என்கிறார்.

புதுக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார். ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்கலாமா என்று வாசல்வரை யோசித்தேன். கேட்கவில்லை. நாளை சாயங்காலம் அவளைக் கொண்டுவிட வரும்போது படியிலேயே நிற்காமல் மேலே வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம். சண்டை வந்தால் வரட்டும், பென்சிலால்தானே எழுதப் போகிறோம்.

எதிர்பார்க்கும்,
வாண்டுவின் அம்மா