அசுர மாமியாரின் புதுக் குரல்

என் அக்காவுக்கு,

நேர்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன்.

நாம பாக்குற புராண கார்ட்டூன்ல அசுர மாமியாருக்குக் குரலை மாத்தினதும் எனக்குப் பொறுக்கல. "தகர டப்பாவுல கல்லு குலுக்கின மாதிரி இருக்கு"ன்னு பேரு போடாம மீம் போட்டேன். ஊரே பகிர்ந்துச்சு!

நேத்து அந்த மீமைக் காட்டி நீ சொன்ன: "இது என் குரல்டி. உன்னை அசத்தலாம்னு சொல்லாம வெச்சிருந்தேன். இதைப் பாத்துட்டு ஸ்டூடியோவுல இனி வராதீங்கன்னுட்டாங்க. போட்டவன் நல்லா இருக்கட்டும்."

மூச்சை வெச்சே யார் டப்பிங்னு சொல்லிடுவேன்னு பீத்திக்கிட்டவ நான். இருபது வருஷமா என்னைத் திட்டின குரல் எனக்குத் தெரியல. அதோட விட்டேனா? "யாருக்கா அந்தக் கிறுக்கன்?"னு வேற கேட்டேன்.

கிறுக்கன் இல்லக்கா. கிறுக்கி.

உன் தங்கச்சி