துணைவர் தொழிலில் உழைக்கிறாரா?

நெவேர்,
15 ஜனவரி 2024

அன்புள்ள மார்லேன்,

நான் நலம். நீயும் உன் கையும் நலம்தானா? போன் செய்தால் உன் தங்கை ஒதில்தான் எடுக்கிறாள். "அக்கா வெளிய போயிருக்கா" என்கிறாள். பின்னால் உன் இருமல் சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம். பதிவுத் தபாலில் அனுப்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சட்டப்படி உனக்கு அப்படித்தான் தெரிவிக்க வேண்டும் என்று ஆடிட்டர் ஆபீஸ் பெண் சொன்னாள்.

விஷயம் இதுதான். எனக்குப் பார்சல் தரும் நிறுவனம் மார்ச் முதல் தேதியிலிருந்து தனி ஆட்களுக்கு வேலை தராதாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். டிப்போ மேலாளர் சிரில் என் தோளில் கை போட்டுக்கொண்டே சொன்னான்: "ரெஜிஸ், பதினோரு வருஷமா ஓட்டுற. உன்னை விட மனசு வரல. ஆனா பிப்ரவரி இருபதுக்குள்ள பேப்பர் வரலைன்னா உன் தெருவுக்கெல்லாம் வேற ஆள் ரெடி."

கம்பெனி தொடங்க வேனை அதன் பெயருக்கு மாற்ற வேண்டும். வேன் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, இருவருக்கும் சொந்தம். அதனால் உனக்குத் தெரிவித்துவிட்டேன் என்றும், நீ பங்கு கேட்க மாட்டாய் என்றும் உன் கையெழுத்து போட்ட தாள் ஒன்று வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

பூனை சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் நாற்காலியிலேயே படுத்துக் கிடக்கிறது. நாம் பார்சல் கொடுக்கும் வீட்டில், சக்கர நாற்காலியில் இருக்கும் பெரென் அம்மா உன்னை விசாரித்தார். பொறுக்காமல் போய்விட்டாயே என்று எனக்கும் வருத்தம் உண்டு. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

முத்தங்களுடன்,
உன் ரெஜிஸ்


விஷி,
22 ஜனவரி

அன்புள்ள ரெஜிஸ்,

கடிதம் கிடைத்தது. தபால்காரப் பெண் அதற்குக் கையெழுத்து கேட்டாள். கோணல்மாணலாகப் போட்டதைப் பார்த்து, "என்ன மேடம், இவ்வளவு அவசரமா?" என்று சிரித்தாள். அவசரம் இல்லை. வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. நீ கேட்கும் கையெழுத்தும் அந்தக் கையால்தான் போட வேண்டும், மறந்துவிட்டாயா?

நீ அனுப்பிய தாளின் பின்பக்கத்தை நீ படித்திருக்க மாட்டாய், நான் படித்தேன். வேனில் எனக்கும் பாதி இருப்பதால், கேட்டால் கம்பெனியில் பாதிப் பங்கு எனக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. பென்சில் குறியைக் கவனமாக முன்பக்கத்தில் போட்டிருக்கிறாய், கெட்டிக்காரன்தான்.

பதினோரு வருடம் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து கராஜில் யார் நின்றது? டிப்போவிலிருந்து நீ கொண்டுவந்து கொட்டும் நூற்று முப்பது பார்சலைத் தெரு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மை பேனாவால் எண் போட்டு, கடைசி வீட்டுப் பார்சல் முதலில் உள்ளே போகிற மாதிரி அடுக்கியது யார்? நீ அப்போது சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டு ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருப்பாய்.

முதல் வருடம் உன் தொழில் பதிவுப் படிவத்தை நீ சத்தமாகப் படித்தாய். "துணைவர் தொழிலில் உழைக்கிறாரா? ஆம், இல்லை. இல்லைன்னே போட்டுடவா? பேப்பர் வேலை மிச்சம்." நான் பாத்திரம் கழுவிக்கொண்டே "போடு போடு" என்றேன். அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் என் ஓய்வூதியத் தாளை வரவழைத்துப் பார்த்தேன். அந்தப் பதினோரு வருடமும் வெள்ளையாகக் கிடக்கிறது.

ஆனால் அக்டோபரில் நடந்தது என் முட்டாள்தனம் இல்லை. இருபது கிலோ நாய்த் தீவன மூட்டையோடு வேன் படியிலிருந்து விழுந்தேன். மருத்துவமனையில் நர்ஸ், "வேலை செய்யும்போதா, வீட்டிலா?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "வீட்லதாங்க. தோட்டத்துல வழுக்கிட்டா." ரெஜிஸ், நமக்குத் தோட்டமே கிடையாது.

பூனைக்கு மீன் டின் வாங்கிப் போடு. கோழி அதற்குப் பிடிக்காது.

மார்லேன்


நெவேர்,
29 ஜனவரி

மார்லேன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேனை எடுத்தேன், போகும் வழியிலேயே வேனின் பக்கக் கண்ணாடி ஒன்றை உடைத்துக்கொண்டேன்.

அன்று நர்ஸிடம் வேறு என்ன சொல்வது? "பதிவு செய்யாமப் பொண்டாட்டிய வேலைக்கு வெச்சிருக்கேன்"னு சொல்லவா? அபராதம் போடுவார்கள், வழக்கு வரும், சிரில் அன்றைக்கே என்னைக் கழற்றி விட்டிருப்பான். பயந்துவிட்டேன். நம் வீட்டுக்காகத்தான் பயந்தேன், எனக்காக மட்டும் இல்லை.

பாதிப் பங்கு என்கிறாயே, மழையிலும் பனியிலும் ஓட்டியது யார்? மூன்றாம் மாடிக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கியது யார்? பெட்டியில் நம்பர் எழுதியதற்குப் பாதிக் கம்பெனியா? ஒதில்தான் உனக்கு இதையெல்லாம் ஓதுகிறாள். ஒரு கையெழுத்துக்கு இத்தனை ஆட்டமா?

இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது, வேறு வேலை எதுவும் தெரியாது. தயவுசெய்து.

ரெஜிஸ்


விஷி,
3 பிப்ரவரி

ரெஜிஸ்,

பெட்டியில் நம்பர் எழுதினேன். சரி, அப்படியே இருக்கட்டும்.

பங்கு வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் செய். மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடு: "என் மனைவி என் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது விழுந்தாள்." உன் கையெழுத்தோடு. நகல் ஒன்று எனக்கு. அது வந்த அன்றே உன் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அபராதம் வந்தால் பாதியை நான் கட்டுகிறேன்.

பகலில் போன் செய்யாதே. காலையில் கிளெர்மோன் போகிறேன், சாயங்காலம்தான் திரும்புகிறேன். இனி ஒதில் "வெளிய போயிருக்கா" என்றால் அது பொய் இல்லை.

மார்லேன்


நெவேர்,
13 பிப்ரவரி

என் மார்லேன்,

இந்தப் பத்து நாளும் எப்படிப் போனது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நீ விழுந்ததிலிருந்து அடுக்கித் தந்த டிப்போ பையனும் நின்றுவிட்டான், நானே அடுக்கிப் பார்த்தேன். முதல் நாள் நாற்பது பார்சல் திரும்பி வந்தது. மறுநாள் பெரென் அம்மாவின் மருந்துப் பெட்டி வேனுக்குள் எல்லாப் பெட்டிக்கும் அடியில் மாட்டிக்கொண்டது. அவர் வீட்டு வாசலிலேயே அறுபது பெட்டியை இறக்கி வைத்துத் தேடினேன். அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, மார்லேன் இருந்தா நீ கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுவ, பெட்டி கையில வந்துரும்." வேனுக்குள் ஏறி உட்கார்ந்து அழுதேன். "பெட்டியில் நம்பர்" என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. அது வேலைதான். பாதி வேலை அதுதான்.

காப்பீட்டு அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை டோக்கன் எடுத்தேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண், "சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?" என்றாள். "தப்பான கவுன்டருக்கு வந்துட்டேன்"னு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக இன்னொன்று செய்திருக்கிறேன். இத்துடன் இரண்டு தாள் இருக்கின்றன. ஒன்று பழையது. இன்னொன்று உன்னைப் பாதிப் பங்குதாரராக வைத்து எழுதியது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாதி வேன், பாதித் தெரு, கதவில் உன் பெயரும் எழுதலாம். திரும்பி வா. அந்த ஒரு வரியை மட்டும் கேட்காதே. அதை எழுதினால் நான் பொய்யன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை.

உன் ரெஜிஸ்


விஷி,
16 பிப்ரவரி

ரெஜிஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெரென் அம்மா சொன்ன இடத்தில் அழுதேன், அதை மறைக்கவில்லை.

ஆனால் நான் ஒரு வரி கேட்டேன், நீ பாதிக் கம்பெனியைத் தருகிறாய். அந்த ஒரு வரி உனக்கு அதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஜனவரியில் இந்தத் தாள் வந்திருந்தால் மறுநாளே ரயில் ஏறியிருப்பேன். இப்போது முடியவில்லை. காலை ஐந்து மணிக்கு அந்தக் கராஜில் நிற்கும்போதெல்லாம் நமக்கு இல்லாத அந்தத் தோட்டம் ஞாபகம் வரும்.

பழைய தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், பென்சில் குறி போட்ட இடத்திலேயே. பங்கு வேண்டாம். சனிக்கிழமையே உன் கைக்கு வந்துவிடும். பதறாதே, உன் தெருக்கள் உனக்குத்தான்.

கிளெர்மோனில் சரக்கு வண்டித் தொழிலுக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பத்தொன்பது பேர், பெண்கள் இரண்டே பேர். "எந்தப் பார்சல் முதலில் உள்ளே போகும்?" என்று ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து பதில் சொன்னேன். அரை மணி நேரம் என்னையே பாடம் எடுக்க விட்டுவிட்டார். புதன்கிழமை தேறிவிட்டேன்.

பழைய சின்ன வேன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று பூக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு புத்தகக்கடை பேசி முடித்தாயிற்று. கனமான எதையும் தொடமாட்டேன். கம்பெனியா, சொந்தப் பெயரா என்று இரண்டு ராத்திரி யோசித்துச் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறேன். இனி ஓய்வூதியத் தாளில் என் வருடங்கள் நிரம்பும்.

மருந்துப் பெட்டியைக் கதவுப் பக்கம் தனியாக வை. பெரென் அம்மா வீட்டில் மணியை இரண்டு முறை அடித்துவிட்டு நில், கதவுக்கு வர அவருக்கு நேரமாகும். எல்லா வீட்டுக் குறிப்பும் கராஜ் அலமாரியில் நீல நோட்டில் இருக்கிறது. நீ ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. இனி அது உன்னுடையது.

நேற்று என் படிவத்தை நிரப்பும்போது அதே கேள்வி வந்தது. துணைவர் தொழிலில் உழைக்கிறாரா? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒதில் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கை வலிக்குதா?" என்றாள். "இல்லடி" என்றேன்.

"இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன், ரெஜிஸ். நான் எழுதியது உண்மை.

மார்லேன் வாசேர்
பார்சல் விநியோகம், விஷி